ஒரு நாள் கள்ளும் 2009-இன் வைனும்

வவுனியாவில் குருமன்காட்டுப் பக்கம் ஒரு கத்தோலிக்க வீடு. மாதா சுரூபம் வைத்த தட்டுக்குக் கீழே இருந்த அலுமாரியைத் திறந்து பெரியம்மா ஒரு போத்தலை எடுத்தார். நத்தாருக்கு வாங்கியதாம், பாதி மிச்சம். சின்னக் கிளாசில் இரண்டு விரற்கடை அளவு ஊற்றி, பக்கத்தில் ஒரு துண்டு கேக்கும் வைத்து, “குடியுங்கோ தம்பி. சாமிமார் செய்யிற சாமான், பாவம் பிடிக்காது” என்றார்.

வைகாசி வெயிலில் கறுவாவும் கராம்பும் மணக்கும் இனிப்பு வைன் குடிப்பது ஒரு விசித்திர அனுபவம். திறந்து மாதக்கணக்காகியும் அது கெட்டுப்போகவில்லை. அவ்வளவு சீனி. இலங்கைத் தமிழர் வீடுகளில் வைன் என்றால் பெரும்பாலும் இந்த வகைதான் நினைவுக்கு வரும். நத்தாருக்கும் வருடப்பிறப்புக்கும் கேக்கோடு வரும், பெண்களும் ஒரு வாய் குடிப்பார்கள், பிள்ளைகளுக்கும் ஒரு சொட்டு நாக்கில் படும். யாழ்ப்பாணத்துச் செபமாலைத் தாசர் சபையினரின் வைனும் நெல்லி ரசமும் வடக்கு முழுவதும் பேர் பெற்றவை. அந்தச் சபையை 1928-இல் தோலகட்டியில் தொடங்கியவர் தோமஸ் அடிகளார். மௌனம், செபம், கை உழைப்பு என்று வாழ வந்த துறவிகள். பூசைக்குரிய வைன் திராட்சையிலிருந்துதான் வரவேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டம். பனங்கள்ளு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பீடத்தில் ஏறாது. ஆகவே துறவி இருக்கும் இடத்தில் திராட்சைக்கு ஒரு தேவை இருந்துகொண்டே இருக்கும்.

யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் பந்தலில் படரும் திராட்சையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கொடி ஓய்வே அறியாதது. பிரான்சிலும் இத்தாலியிலும் குளிர் வந்ததும் இலை உதிர்த்துத் தூங்கும் கொடி இது. இங்கே குளிர் கிடையாது. கத்தரிக்கோலால் வெட்டித்தான் அதற்கு ஒரு பருவத்தை உண்டாக்கவேண்டும். வெட்டினால் தளிர்க்கும், பூக்கும், காய்க்கும். வருடத்துக்கு இரண்டு தடவை கூடப் பழம் பறிக்கலாம். ‘இஸ்ரேல் புளூ’ என்ற கருநீல இனத்தைத்தான் நம்மவர்கள் பெரும்பாலும் வளர்க்கிறார்கள். சாப்பிடுவதற்கு நல்ல பழம். ஆனால் நாட்பட நிற்கும் வைனுக்குத் தேவையான துவர்ப்பு அவசரமாகப் பழுத்த பழத்தில் சேர நேரமில்லை. அதனால்தான் சீனியும் வாசனைச் சரக்கும் கை கொடுக்கின்றன என்பது என் கணிப்பு. தோலகட்டி வைனைக் குறை சொல்லும் மேதாவிகள் கொழும்பில் இருக்கிறார்கள். கேக்கோடு ஒரு கிளாஸ் குடிக்க அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது. இரண்டாவது கிளாஸ் கேட்கத் தோன்றவில்லை என்பதும் உண்மை.

“முல்லைத்தீவுப் பக்கம் போறீங்கள் எண்டால் என்ரை மருமகனைப் போய்ப் பாருங்கோ. பாரிசிலை இருந்து வந்து நிக்கிறான். அவன் கொண்டுவந்த வைன் இப்படி இனிக்காதாம். காய்ஞ்ச தோல் மாதிரி மணக்குமெண்டு அவனே சொல்லுறான்” என்று பெரியம்மா வழியனுப்பினார்.

ஓமந்தையைத் தாண்டும்போது இப்போது யாரும் வேகத்தைக் குறைப்பதில்லை. 2002 சமாதான காலத்தில் ஏ9 திறந்தபோது இங்கே இறங்கி, பையை அவிழ்த்துக் காட்டி, சூனியப் பகுதியைக் கடந்து மறுபக்கம் ஏறி, திரும்பவும் பையை அவிழ்த்துக் காட்டியவர்களுக்கு அந்த இடம் கண்ணில் படாமல் போகாது. 2006 ஆவணியில் பாதை மறுபடி மூடப்பட்டது. அதற்குப் பிறகு நடந்ததை எல்லோரும் அறிவோம்.

புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையே காடு சாலையை நெருங்கி வருகிறது. பாலை, வீரை, முதிரை, கருங்காலி. வைகாசியில் பாலைப்பழம் பழுக்கும். சாலையோரம் பிள்ளைகள் பேணிகளில் அளந்து விற்கிறார்கள். மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு பழம். தேன் போல இனிக்கும், பிறகு அதன் பால் உதட்டில் ஒட்டிக்கொண்டு விடாது. அனுபவப்பட்டவர்கள் முதலில் உதட்டில் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொள்கிறார்கள். கொப்பை வெட்டிப் போட்டுப் பழம் பறிக்கிறவர்களை வனத்துறை பிடிக்கிறது என்று விற்கிற பையனே சொன்னான். அவன் பழம் எப்படிப் பறித்தது என்று நான் கேட்கவில்லை.

இந்தக் காட்டில் எனக்கு அதிகம் பிடித்த மரம் சவண்டலை. சிங்களத்தில் ஹல்மில்ல. நேராக வளரும், உறுதியானது, வளைத்தாலும் முறியாது. வெள்ளைக்கார வணிகர்கள் திருகோணமலைத் துறைமுகம் வழியாக ஏற்றியதால் அதற்குத் ‘திருகோணமலை மரம்’ என்றே பேர் வைத்தார்கள். தெற்கில் தென்னஞ் சாராயத்தை வருடக்கணக்கில் பழுக்க வைக்கும் பெரிய பீப்பாய்கள் இந்த மரத்தில் செய்தவை. பிரான்சுக்காரனுக்கு ஓக் மரம் எப்படியோ இலங்கைச் சாராயத்துக்குச் சவண்டலை அப்படி. மரம் வளர்வது இந்த வரண்ட காடுகளில். பீப்பாயும் சாராயமும் தூங்குவது களுத்துறைப் பக்கம். வன்னியிலிருந்து போன மரம் எதுவும் வன்னியில் ஒரு துளியைப் பழுக்க வைத்ததாக நான் கேள்விப்படவில்லை. 1895-இல் ஜே. பி. லூயிஸ் எழுதிய வன்னி மாவட்டக் கைநூலைப் புரட்டினால் குளங்கள், காய்ச்சல், காடு, குறைந்துபோன சனத்தொகை என்று ஒரு வெறுமையான நாடு தெரியும். ஆட்கள் இல்லாத நாடு என்று அதை அந்தக் காலத்து அதிகாரிகள் எழுதினார்கள். 1803-இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த பண்டாரவன்னியனின் நாடும் இதுதான். இடையில் தொண்ணூறு வருடத்துக்குச் சற்றுக் கூடிய காலத்தில் எத்தனை ஊர் காடாகியிருக்கும்.

முறிகண்டியில் எல்லா வாகனமும் நிற்கும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் போன லொறி ஒன்றையும் நான் பார்த்ததில்லை. கச்சான் வாங்காமல் போனவரும் குறைவு. கள்ளுக்குக் கச்சான் நல்ல சோடி என்பதையும் மனதில் வைத்து ஒரு பை வாங்கிக்கொண்டேன்.

கிளிநொச்சி நகரத்தைப் பார்க்கும் எவருக்கும் அது நேற்றுக் கட்டியதுபோலத் தோன்றும். உண்மையும் அதுதான். 1920-இல் வேலை முடிந்த இரணைமடுக் குளமும், முப்பதுகளில் வந்து காணி பெற்ற குடியேற்றக்காரரும்தான் இந்த ஊரின் அடித்தளம். வயல்களுக்கு நடுவே வளர்ந்த நகரம் 1996-இல் ஒரு தடவை கைமாறியது, 1998-இல் மறுபடி, 2009 தை மாதம் 2-ஆம் திகதி மறுபடி. ஒவ்வொரு முறையும் கூரை, கதவு, யன்னல் எல்லாம் போயின. சாய்த்து விழுத்தப்பட்ட தண்ணீர்த் தாங்கி நெடுங்காலம் சாலையோரம் கிடந்து, தெற்கிலிருந்து பேருந்துகளில் வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள்.

நாட்பட்ட வைன் குடிப்பது பற்றி எழுதுகிறவர்கள் மண், மழை, மரப்பீப்பாய் பற்றி எழுதுவார்கள். ஒரு தட்டு ஒரே சுவரில் பத்து வருடம் ஆடாமல் நிற்கவேண்டும் என்பதை எழுதமாட்டார்கள்; அவர்களுக்கு அது சொல்லத் தேவையில்லாத விஷயம். கிளிநொச்சியில் அது சொல்லவேண்டிய விஷயம். இங்கே வீடுகளில் நாட்பட வைத்திருக்கும் பொருள்கள் வேறு. விதைநெல், புழுக்கொடியல், கருவாடு, ஊறுகாய், பினாட்டு. எல்லாம் மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு போகக் கூடியவை. 1995 ஐப்பசியில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவர்களும் அதற்குப் பிறகு வன்னிக்குள்ளேயே இடம் மாறிமாறி ஓடியவர்களும் சைக்கிளில் எதைக் கட்டினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கண்ணாடிப் போத்தலில் அடைத்த எதையும் சொல்லமாட்டார்கள்.

பரந்தனில் மேற்கே திரும்பினால் பூநகரி. வெட்டவெளி, உவர்மண், தூரத்தில் கடல்நீரேரி, எங்கும் பனை. மொட்டைக்கறுப்பன் நெல் விளையும் பூமி. அந்தச் சிவப்பரிசிச் சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் வெள்ளைச் சோற்றைச் சோறென்று ஒப்புக்கொள்ளமாட்டார்கள். தவறணைக்குப் போன நேரம் காலை ஒன்பது மணி இருக்கும். கிடுகு வேய்ந்த கொட்டில், நீள வாங்கு, வாசலில் சைக்கிள்கள். எழுபதுகளில் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்த பிறகு, குத்தகைக்காரன் கையிலிருந்த கள்ளு வியாபாரம் சீவல் தொழிலாளர்களின் சங்கத்துக்கு மாறியது. வடக்கின் சமூக வரலாற்றில் இது சிறிய காரியம் இல்லை. மரம் ஏறியவனைக் கிணற்றில் தண்ணீர் அள்ள விடாத ஊர்கள், அவன் இறக்கியதைக் குடிக்க மட்டும் தயங்கவில்லை. அவனுக்குக் கணக்குப் புத்தகமும் சேமலாப நிதியும் வந்தது சங்கத்தால்தான்.

நான் குடித்தது பிளாவில். பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவில் குடிக்கும்போது ஓலையின் பச்சை மணமும் சேர்ந்து வரும். பிளாஸ்டிக் குவளையில் அதே கள்ளு வேறு சாமான். காலையில் இறக்கிய கள்ளு வெண்மையாக, நுரையோடு இருந்தது. முதலில் இனிப்பு, உடனே ஒரு கூர்மை, விழுங்கிய பிறகு தொண்டையில் இலேசான காரம்.

பனையின் பாளையிலிருந்து சொட்டும் நீர், பதநீர் நிலையில், நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சீனி கொண்டது. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் அது கருப்பணி, இனிப்பாகவே நிற்கும். பூசாவிட்டால் காற்றிலும் பாளையிலும் முட்டியிலும் இருக்கும் நுண்ணுயிர்கள் உடனே வேலை தொடங்கிவிடும். மரத்தில் இருக்கும்போதே நொதிக்க ஆரம்பித்த பானம் உலகத்தில் வேறு எத்தனை இருக்கும்? ஒரு நாளுக்குள் நூற்றுக்கு நான்கு ஐந்து பங்கு மதுசாரம் சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு வேறொரு கூட்டம் வந்து மதுசாரத்தைப் புளிக்காடியாக்கும். பிறகு அதை மீன் ஊறவைக்க வைத்துக்கொள்ளலாம். ஆகப் பனங்கள்ளின் இளமையும் முதுமையும் ஒரே சூரியனுக்குக் கீழே முடிகின்றன.

சீவி முடித்து வந்து வாங்கில் குந்தியிருந்த முதியவரிடம் இந்தக் கள்ளு எந்த மரத்தது என்று கேட்டேன். சிரித்தார். “இது எல்லாம் சேர்ந்தது தம்பி. பத்துப் பேர் இறக்கினது பரலிலை ஒண்டாக் கலந்துதான் வரும். ஒருமரத்துக் கள்ளு குடிக்கோணுமெண்டால் மரத்தடிக்கு வரோணும்.”

“வித்தியாசம் தெரியுமோ ஐயா?”

“தெரியாமல்? ஆண்பனை வேறை, பெண்பனை வேறை. உவர்ப்பக்கம் நிக்கிற மரம் வேறை. மழை பெய்து அடுத்த நாள் இறக்கினால் தண்ணி விட்டமாதிரி இருக்கும். முட்டியைக் கழுவாதவன்ரை கள்ளு வாயிலை வைக்கவே தெரியும். ஆரெண்டும் சொல்லுவன்.”

ஆரென்று அவர் சொல்லவும் செய்தார். பக்கத்தில் இருந்தவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். அந்த ஆளும் அங்கேதான் இருந்தார்.

அவர் பேசியதை ஐரோப்பாவில் ஒருவர் பேசினால் அதற்குச் சான்றிதழ் கொடுப்பார்கள். நிலம், மரம், காலநிலை, பாத்திரத்தின் துப்புரவு, கலவையின் விகிதம் எல்லாவற்றையும் நாக்கால் பிரித்துச் சொல்கிறார். கலவையைக் குறைவாக நினைக்கும் பழக்கமும் அவரிடம் இல்லை. ஒரு மரம் இனிப்புக் கூடினால் இன்னொன்று காட்டம் கூடும், சேர்ந்தால் சரியாய் வரும் என்றார். போர்தோவில் கபெர்னேயையும் மெர்லோவையும் கலப்பதற்கு அவர்கள் சொல்லும் நியாயமும் இதற்கு மேலே இல்லை. ஆனால் ஒருமரத்துக் கள்ளுக்கு மருந்து என்ற மதிப்பு உண்டு. உடம்பு தேற நாற்பது நாள், நாற்பத்தெட்டு நாள் என்று ஒரே மரத்துக் கள்ளைக் கட்டிக் குடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தமிழன் நாட்பட்ட மதுவை அறியாதவன் இல்லை. மூங்கில் குழாயில் அடைத்துப் பழுக்க வைத்த தேறலைச் சங்கப் புலவர்கள் நாவூறப் பாடியிருக்கிறார்கள். புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை, யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலை அருந்தி வாழ வாழ்த்துகிறார். அது மத்தியதரைக் கடலிலிருந்து சாடிகளில் வந்த திராட்சை வைனாகத்தான் இருக்கவேண்டும். அந்த வகைச் சாடிகளின் ஓடுகள் அரிக்கமேட்டில் கிடைத்தன. பூநகரியிலிருந்து தெற்கே போகும் கரையோரச் சாலை திருக்கேதீச்சரத்துக்குப் பக்கத்தில் மாந்தைத் துறைமுக மேட்டைத் தொடுகிறது. 1980-களின் தொடக்கத்தில் ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் அங்கே அகழ்ந்தார்கள். மேற்கிலிருந்தும் சீனத்திலிருந்தும் வந்த மட்பாண்டத் துண்டுகள் வந்துகொண்டே இருந்தன. 1984-இல் போர் அந்த வேலையையும் நிறுத்தியது. வைன் இந்தக் கரைக்குப் புதிய விருந்தாளி இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிழக்கே திரும்புகிறேன்.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 சாலையில் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஊர்ப் பெயர்கள் வரும் ஒழுங்கே ஒரு கதை. 2009-இல் சனம் நடந்து போன ஒழுங்கும் அதுதான். தலை போன பனைகள் சில இன்னும் நிற்கின்றன. பனைக்குக் குருத்து ஒன்றே ஒன்று. அது முறிந்தால் மரம் செத்தது. புதிதாக நட்ட விதை பாளை தள்ளுவதற்குப் பன்னிரண்டு பதினைந்து வருடமாவது செல்லும், அது வரை ஆணா பெண்ணா என்றும் தெரியாது. போர் முடிந்த வருடத்தில் முளைத்த பனைகளின் முதல் கள்ளு இப்போதுதான் இறங்குகிறது.

முள்ளிவாய்க்காலில் வைகாசி 18-க்குக் கொடுக்கும் கஞ்சி, அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும் கொண்டது. கடைசி நாட்களில் கிடைத்த உணவு அது. பாத்திரம் நீட்டி வரிசையில் நின்றவர்களின் பிள்ளைகள் இன்று அதை வரிசையில் நிற்பவர்களுக்கு ஊற்றுகிறார்கள். சுவையைப் பற்றி எழுத வந்த கட்டுரையில் அதன் சுவையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. வட்டுவாகல் பாலத்தைக் கடந்தால் முல்லைத்தீவு.

முள்ளியவளையில் நான் தேடிப்போன வீட்டில், பாரிசிலிருந்து வந்தவர் வைன் போத்தலைக் காட்டினார், திறக்கவில்லை. “அண்ணை, வற்றாப்பளைப் பொங்கல் முடியட்டும். இந்தக் கிழமை வீட்டிலை மச்சம் மாமிசம் ஒண்டுமில்லை” என்றார். வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு முன்பு முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் வைத்து, அந்த உப்புநீரில் விளக்கெரிப்பார்கள். அந்த நாட்களில் ஊரே நோன்பு. வேப்பிலையும் காவடியும் பறையுமாக நந்திக்கடல் ஓரத்தில் இலட்சக்கணக்கில் சனம் திரளும். மதுரையை எரித்த பிறகு கண்ணகி வந்து களைப்பாறிய இடம் என்பது ஊர்க்கதை. நானும் பொங்கல் முடியும்வரை காத்திருந்தேன். திங்கள் பொங்கல் முடிந்த பிறகுதான் ஆட்டிறைச்சி அடுப்பேறியது.

போத்தல் லெபனானிலிருந்து வந்தது. ஷத்தோ முசார், பெக்காப் பள்ளத்தாக்கின் சிவப்பு வைன். கபெர்னே சோவினியோன், கரினியான், சென்சோ என்ற மூன்று திராட்சைகளின் கலவை. ஒட்டியிருந்த தாளில் 2009. பாரிசில் லா சப்பல் கடைத்தெருவில் வேலை செய்யும் தமிழருக்குப் பிரான்ஸ் வைனே மலிவாகக் கிடைக்கும்போது ஏன் லெபனான் என்று கேட்டேன். வேலை செய்யும் உணவகத்தின் முதலாளி லெபனான்காரராம். அவர் சொன்ன கதையைக் கேட்ட பிறகு 2009-ஆம் ஆண்டுப் போத்தலைத் தேடி வாங்கியிருக்கிறார்.

கதை உண்மையானது. 1930-இல் கஸ்தோன் ஹோஷார் தொடங்கிய வைன்சாலை பெய்ரூத்துக்கு வடக்கே கஸீரில் இருக்கிறது. திராட்சை விளைவதோ மலைக்கு அப்பால், ஆயிரம் மீற்றர் உயரப் பள்ளத்தாக்கில். அவர் மகன் செர்ஜ் ஹோஷார் பொறுப்பில் இருந்தபோது 1975-இல் உள்நாட்டுப் போர் வெடித்தது. 1990 வரை நீண்டது. பழம் ஏற்றிய லொறிகள் சண்டை நடக்கும் கோடுகளையும் சோதனைச் சாவடிகளையும் கடந்து கஸீருக்கு வரவேண்டும். பதினைந்து வருடப் போரில் 1976, 1984 என்ற இரண்டு வருட வைன்கள் மட்டுமே விற்பனைக்கு வரவில்லை. 1984-இல் லொறிகள் வழியில் நாட்கணக்கில் மாட்டிக்கொண்டு, பழம் வண்டியிலேயே நொதிக்கத் தொடங்கிவிட்டது. அறுவடையாகி ஏழு வருடம் கழித்தே இந்த வைன் வெளியே வரும். அப்படியானால் குண்டு விழுந்த வருடங்களிலும் கஸீரின் நிலவறையில் போத்தல்கள் அசையாமல் கிடந்திருக்கின்றன. அங்கேயும் செத்தவர்கள் ஏராளம், ஓடியவர்கள் ஏராளம். ஆனால் அந்த ஒரு நிலவறை யாருடைய கையிலும் போகவில்லை. வன்னியோடு அதை ஒப்பிடப் பலருக்கு ஆசை வரும். எனக்கு வித்தியாசம்தான் பெரிதாகத் தெரிந்தது.

2009 புரட்டாசியில் பெக்காவில் இந்தப் பழத்தைப் பறித்துக்கொண்டிருந்த நேரம், இதை வாங்கியவர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கூடாரத்தில் இருந்தார். ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் அடைபட்டிருந்த காலம். “அந்த வருசம் எண்டபடியால்தான் வாங்கினனான்” என்று சொல்லிவிட்டுத் தக்கையைத் திருகத் தொடங்கினார். அதற்கு மேலே அதைப் பற்றி அவரும் பேசவில்லை.

முல்லைத்தீவுச் சூட்டில் சிவப்பு வைனைக் குடிக்க முடியாது. காலையிலேயே போத்தலை ஈரச் சாக்கில் சுற்றிக் கிணற்றடி நிழலில் வைத்திருந்தார்கள். “முந்தி வளவுக்குள்ளை பங்கர் இருந்தது. அதை மூடாமல் விட்டிருந்தால் நல்ல குளிராய் வச்சிருக்கலாம்” என்றார் அவருடைய மாமா. எல்லோரும் சிரித்தோம். வன்னியில் இந்த வகைப் பகிடிக்குப் பஞ்சமில்லை.

வைன் செங்கட்டி நிறத்தில், ஓரத்தில் மண்ணிறமாக வெளுத்திருந்தது. பெரியம்மா சொன்ன காய்ந்த தோல் மணம் உண்மைதான். அதோடு வற்றல் பழம், ஏலம், ஈரமான காட்டுமண். வாயில் இனிப்பே இல்லை. துவர்ப்பு நாட்பட்டு மிருதுவாகியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, மூக்கை இலேசாகக் குத்தும் ஒரு கூர்மை. நான் நல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது மாமா ஒரு வாய் குடித்து, வாயில் சுழற்றி, விழுங்கி, சொன்னார்: “நல்ல சாமான். ஆனால் இது கொஞ்சம் புளிக்கத் தொடங்கினது.”

மாமா முப்பது வருடம் சீவல் தொழில் செய்தவர். அவர் சொன்னது சரி. முசார் வைனில் புளிக்காடியின் சாயல் கொஞ்சம் உண்டு என்பது வைன் உலகமே அறிந்த விஷயம். அதைக் குறை என்று சொல்லும் விமர்சகர்கள் இருக்கிறார்கள். அதுதான் அதன் உயிர் என்று சண்டை பிடிக்கும் இரசிகர்களும் இருக்கிறார்கள். புத்தகம் படித்து, படிப்புப் படித்து அவர்கள் சேர்ந்த இடத்துக்கு, வைனை வாழ்க்கையில் முதல்முறை குடித்தவர் ஒரே வாயில் போய்ச் சேர்ந்துவிட்டார். பின்னேரக் கள்ளு எந்த நேரத்தில் திரும்புகிறது என்று தினமும் பார்த்த நாக்கு அது. “இந்த அளவிலை நிக்கிறதுதான் கெட்டித்தனம். கள்ளு இந்த இடத்திலை அரை மணித்தியாலம் நிக்கும். இது எத்தனை வருசமா நிக்குது?” என்று கேட்டார். பதினைந்து வருடத்துக்கு மேல் என்றதும் தலையை ஆட்டிக்கொண்டு கிளாசை மறுபடி நீட்டினார்.

சாப்பாட்டோடு எப்படி என்றால்: மிளகாய்த்தூள் தூக்கலான ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்கு முன்னால் வைன் தோற்றுப்போனது. உறைப்பு அதன் துவர்ப்பைக் கசப்பாக்கிவிட்டது. ஈரல் வறுவலோடு நன்றாக இருந்தது. கணவாய்க் கறியோடு குடித்தவர் முகத்தைச் சுளித்தார். ஒடியற் கூழோடு யாரும் முயலவில்லை, முயலவும் வேண்டாம். இந்தச் சமையலுக்குச் சரியான சோடி காலைக் கள்ளுதான். நூற்றுக்கணக்கான வருடமாக ஒன்றை ஒன்று பார்த்துத் திருத்திக்கொண்ட இரண்டு பொருள்கள் அவை.

மாமாவைப் போன்ற நாக்குகள் இப்போது குறைந்துகொண்டு வருகின்றன. மரம் ஏறப் பிள்ளைகள் வருவதில்லை, வரவேண்டும் என்று தகப்பன்மாரும் விரும்புவதில்லை. அதை நான் குறை சொல்லமாட்டேன். விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்கள் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார்கள். கள்ளைப் போத்தலில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். சூடேற்றி உயிர் போக்கிய அந்தக் கள்ளு மாதக்கணக்கில் நிற்கும். பூநகரிப் பிளாவில் இருந்ததோடு அதற்குப் பேரைத் தவிர உறவு கிடையாது. கைதடியில் பனை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, 1978-இலிருந்து பனை அபிவிருத்திச் சபை இருக்கிறது. சீனியின் வீதமும் மதுசாரத்தின் வீதமும் அளக்கக் கருவிகள் உண்டு. எந்த ஊர் மரம், எந்த மண், எந்தப் பாளை, என்ன சுவை என்று இந்த மனிதர்கள் வாயால் சொல்வதையும் யாராவது உட்கார்ந்து எழுதிக்கொள்ளவேண்டும். பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு ஆய்வுக்குத் தலைப்புக் கிடைக்கவில்லை என்று கேள்விப்படுகிறேன். பூநகரியில் ஒரு வாங்கில் குந்தினால் போதும்.

பனங்கள்ளு தைக்குப் பிறகு தொடங்கி ஆவணிவாக்கில் ஓயும். போகிறவர்கள் காலையில் பத்து மணிக்கு முன்னால் போங்கள், பிளாவில் கேளுங்கள், கச்சானை முறிகண்டியில் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியை மட்டும் வேறு ஒருவர் ஓட்டட்டும்.